மஞ்சள் துணி கட்டிய பெட்டி

"இதில இருங்கோ அம்மா, எழும்ப வேண்டாம். இன்னுமொரு ஐயா பிளேன் வாசல்லயே நிக்கிறார், அவரையும் தள்ளிக்கொண்டு உடன வாறன்" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த அந்த வதனி போயே போய்விட்டாள். போகும்போது காலால் ஏதோ ஒரு கம்பியை மிதித்தாள், சக்கரம் டக்கென்று பூட்டிக்கொண்டது. மங்கையர்க்கரசிக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கவில்லை. லிஃப்டுக்கு முன்னால் ஒரு டக், பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரிக்கு முன்னால் ஒரு டக், இப்போது பெட்டிகள் வரப்போகிற இந்த பெல்ட்டுக்கு முன்னால் இன்னொன்று. என்னவோ சாமானை நிறுத்திவைக்கிற மாதிரி. திண்டுக்கல் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் விசிலும் கழுத்துமாக நின்றவள், மத்தவர்களை உட்காரு எழுந்திரு என்று சொல்லியே பழகினவள், டொராண்டோ ஏர்போர்ட்டில் வந்து உட்கார் என்றால் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்தால் சிரித்து உருண்டுவிடும். யார் பார்க்கப் போகிறார்கள். பார்க்கமாட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், உலகத்தில் எங்கே போனாலும் ஒரு பழைய மாணவி கையில் குழந்தையோடு வந்து "மிஸ், என்னைத் தெரியுதா" என்று நிற்பாள். முந்தானையை இழுத்து மடியிலிருந்த கைப்பையின்மேல் போட்டுக்கொண்டாள். பெல்ட் இன்னும் ஓடவில்லை. கறுப்பு ரப்பர் சும்மா கிடந்தது. மேலே போர்டில் ஊர்ப்பெயர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "போர்டுல பெல்ட் நம்பர் போடுவாங்கம்மா, நீ அதைத் தேட வேணாம், தள்றவங்களே கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்று இளமதி வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்தாள். ஒரே மகள். சொல்லச் சொல்ல மெசேஜ் நீண்டுகொண்டே போகும், நடுவில் குழந்தை அழும், மெசேஜ் அறுந்துபோகும், அடுத்தது வரும். பெட்டிக்கு ஒட்டின சீட்டோட அடிக்கட்டையைத் தொலைச்சுடாதே. பெட்டியில ஏதாவது அடையாளம் கட்டு, கறுப்புப் பெட்டி ஆயிரம் வரும். நெய்யை மேலாப்பல வைக்காதே. மாத்திரையைக் கைப்பையில வச்சுக்கோ. அப்புறம் அந்த மெசேஜ்: "அம்மா, உனக்கு வீல்சேர் போட்டுட்டேன். பதறாதே. உனக்கு முடியலன்னு இல்ல. நடுவுல பிளேன் மாறணும், கேட் எங்கேயோ இருக்கும், நீ யாரைக் கேப்ப? வீல்சேர்னா அவங்களே தள்ளிட்டுப் போய் ஏத்திடுவாங்க, க்யூவும் கிடையாது. இங்க எல்லாரோட அப்பா அம்மாவும் இப்படித்தான் வர்றாங்க. நீ சும்மா உக்காந்து வா, அவ்வளவுதான்."

சும்மா உட்கார்ந்துதான் வந்தாள். அவள் மட்டுமா. இந்தப் பக்கம் பார்த்தால் சுவரோரமாக ஒரு வரிசையே நிற்கிறது, பட்டுப்புடவையும் ஸ்வெட்டரும் ஸாக்ஸும் மப்ளருமாக, ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கைப்பை, ஒவ்வொருவர் முகத்திலும் கோயிலில் பிரசாதத்துக்குக் காத்திருக்கிற பொறுமை. எல்லாம் நல்ல கால்கள். சென்னையில் ஏறும்போதே அவள் எடை போட்டுவிட்டாள், பார்த்த மாத்திரத்தில் கால்களை எடை போடுவது தொழில் கொடுத்த கெட்ட பழக்கம். அந்த மப்ளர்காரர் தினம் காலையில் கடற்கரையில் வேகநடை போகிற ஆள், ஆடுசதை சொல்கிறது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பழனாத்தா, காங்கேயத்துக்காரி, விமானத்தில் பக்கத்து சீட், மகனுக்காக அரைச்ச மஞ்சள்தூளைப் பற்றி ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவள், எருமை கட்டிப் பால் கறந்த உடம்பு, ரெண்டு ஆளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். அவளுக்கும் வீல்சேர். "எங்க பையன் சொல்லிப்போட்டானுங்க, நீ வாயத் தொறக்காம உக்காரு, இங்கிலீசுல ஆரு கேட்டாலும் முட்டியத் தொட்டுக் காட்டுன்னு" என்று பழனாத்தா சிரித்தபோது மங்கையர்க்கரசியும் சிரித்தாள். எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று இப்போது கவலையாக இருந்தது. ரொம்ப நேரம் சிரித்துவிட்டோமோ. உன்னை மாதிரிதான் நானும் என்று சொல்கிற சிரிப்பு அது, கொஞ்சம் தாராளமாகவே சிரித்துவிட்டாள். அதற்குள் எங்கேயோ ஒரு மணி அடித்தது, மஞ்சள் விளக்கு சுழன்றது, பெல்ட் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. முதல் பெட்டி வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், அந்த வரிசையில் ஒரு அதிசயம் நடந்தது பாருங்கள். மப்ளர்காரர் எழுந்தார். ஸ்வெட்டர் எழுந்தது. பட்டுப்புடவைகள் கொசுவத்தை உதறிக்கொண்டு எழுந்தன. முட்டியைத் தொட்டுக் காட்டிக்கொண்டு வந்த கூட்டமெல்லாம் திபுதிபுவென்று ஓடிப்போய் பெல்ட்டுக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. பழனாத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆளுயரப் பெட்டி ஒன்றை ஒற்றை இழுப்பில் தரைக்குக் கொண்டுவந்து, மூச்சுகூட வாங்காமல் அடுத்ததுக்குத் திரும்பினாள். சுவரோரம் காலி நாற்காலிகள். நடுவில் மங்கையர்க்கரசி.

பெட்டி வந்தது. எட்டத்திலிருந்தே தெரிந்தது, கைப்பிடியில் மஞ்சள் துணி. பள்ளி விளையாட்டு விழாவில் மஞ்சள் அணிக்குக் கட்டுகிற கொடியின் மிச்சம் அது, சாயம் போகாத துணி. கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டு வந்தது, எதிரே வந்தது, அவளைத் தாண்டிப் போனது. போகட்டும், அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளலாம், கூட்டமாக இருக்கிறது, இடிபட வேண்டாம். வதனி எழும்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், சொன்ன பேச்சைக் கேட்கவேண்டாமா. அதோ தூணுக்குப் பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒருத்தன் நிற்கிறான், இடுப்பில் என்னென்னவோ தொங்குகிறது, மேலே கேமரா இருக்கிறது, நாற்காலியிலிருந்து எழுந்தவர்களையெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த தடவை விசா கேட்கும்போது முகத்துக்கு நேரே நீட்டினால் என்ன செய்வது. இப்படியெல்லாம் நடக்காது என்று அவளுக்கே தெரியும். யூனிஃபார்ம்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஆனாலும் அந்தப் பயத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருப்பது நன்றாக இருந்தது, சௌகரியமான பயம், யாரிடமும் சொல்லலாம். பள்ளியில் டிரில் பீரியட் என்றால் பாதி வகுப்புக்கு வயிற்றுவலி வரும், மீதிக்குக் கால் சுளுக்கும். எல்லாவற்றையும் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாள். மணி அடித்து வகுப்புக்குத் திரும்பும்போது எந்தக் கால் நொண்டுகிறது என்று கவனிப்பாள், வந்தபோது வலது, போகும்போது இடது. "ஏய், கால மாத்திட்ட பாரு" என்று விசில் ஊதினால் மைதானமே சிரிக்கும். புதிதாகச் சேர்ந்த சின்ன டீச்சர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க மிஸ் என்று கேட்டபோது சொல்லியிருக்கிறாள், அது பெரிய வித்தை இல்லைம்மா, பொய்யா நொண்டுறவ காட்டுவா, நெசமா நொண்டுறவ மறைப்பா, அவ்வளவுதான். சொல்லும்போது என்னமோ தனக்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி எவ்வளவு மிதப்பாகச் சொன்னாள். பெட்டி மறுபடியும் அந்தக் கோடியில் திரும்பியது. மஞ்சள் துணி இந்தப் பக்கம் வரப் பார்த்தது. மங்கையர்க்கரசி குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள், தேடுவதற்கு ஒன்றுமில்லை, பெட்டி தாண்டிப் போகிற வரைக்கும் தேடினாள்.

செருப்பில்தான் ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்லக்கூடாது, அன்றைக்குத்தான் தெரிந்தது. மலையடிவாரம் வரைக்கும் காலைநடை போய்விட்டுத் திரும்பும்போது பின்னால் வந்த பூக்காரம்மா கூப்பிட்டாள், "டீச்சர், ஒத்தச் செருப்ப விட்டுட்டு எங்க போறீக?" குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு அங்கே, பால் பூத்துக்கு முன்னால், அனாதையாகக் கிடந்தது. அங்கிருந்து இவ்வளவு தூரம் தார் ரோட்டில், சரளைக்கல்லில், வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள், கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வார் லூஸா போச்சு" என்று பூக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, வார் இறுக்கமாக இருந்ததை யாரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கே போய் கயிறு கட்டுகிற கான்வாஸ் ஷூ வாங்கினாள். பி.டி. டீச்சர் ஷூ போட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள். அப்புறம் டீ தம்ளர். இடது கையில் இருந்தது, இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், தரையில் சத்தம் கேட்டபிறகுதான் இல்லை என்று தெரிந்தது. விரல்கள் வளைந்தபடியே இருந்தன, தம்ளரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை, அந்த விரல்களின் மரியாதை. டாக்டரிடம் போனாள். கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, இது தெரியுதா, இப்ப எந்த விரல், மேலயா கீழயா என்று கேட்டார். பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிற பிள்ளைகளைக் காதைத் திருகி வெளியே அனுப்பினவள், இமையிடுக்கில் பார்த்துப் பார்த்து எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை, கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க டீச்சர், தள்ளிப் போடாதீங்க" என்றார். "டிக்கெட் போட்டாச்சு சார், மக பிரசவிச்சிருக்கா, போயிட்டு வந்து பாத்துக்கறேனே" என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டு, "கூட யாராவது இருக்காங்களா" என்று கேட்டார். இல்லையே, வீட்டுக்காரர் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. மகளிடம் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றாள். சொல்வதற்குத்தான் அன்றைக்கு ராத்திரி போனை எடுத்தாள், அதற்குள் இளமதியின் மெசேஜ் வந்திருந்தது, அம்மா உனக்கு வீல்சேர் போட்டுட்டேன், பதறாதே. மூச்சு நின்றுவிட்டது. யார் சொன்னார்கள் இவளுக்கு, டாக்டரா, பூக்காரம்மாவா. முழுவதையும் கேட்டபிறகுதான் உயிர் வந்தது. ஓ, பொய் வீல்சேர். எல்லா அப்பா அம்மாவுக்கும் போடுகிற வீல்சேர். சிரித்தாள், அழுதாள், திரும்பக் கூப்பிட்டு, "சரிடி" என்றாள். அங்கேதான் தப்பு நடந்திருக்கவேண்டும். பழைய மங்கையர்க்கரசி என்றால் நான் யாருன்னு நெனச்ச, எண்ணூறு மீட்டர் மாவட்ட ரெக்கார்டுடி எனக்கு, என்று போனிலேயே குதித்திருப்பாள். இவள் உடனே சரி என்றுவிட்டாள். "என்னம்மா, சண்டை போடுவேன்னு நெனச்சேன்" என்றாள் இளமதி. "வயசாகுதில்ல" என்று பேச்சை மாற்றினாள். நம்பினாளா, நம்பவில்லையா. இவள் வளர்த்த பெண், கால்களைப் பார்க்கத் தெரிந்த பெண்.

பெட்டி சுற்றியது. கூட்டம் குறைந்துகொண்டு வந்தது, எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட, மிச்சமிருந்த பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. மஞ்சள் துணி இப்போது ரொம்ப நேரம் கண்ணுக்குத் தெரிந்தது. ரெண்டு பெட்டி கொண்டுவரலாம் என்று இளமதி சொல்லியிருந்தாள், பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ. ஒன்று போதும்டி என்றுவிட்டாள், என்னத்தை அள்ளிக்கொண்டு வரப்போகிறேன் என்று. இரண்டாவதைத் தூக்க முடியாது என்பதை எந்த மெசேஜில் சொல்வது. அந்த ஒன்றில்தான் எல்லாம் இருந்தது, பிரசவ லேகியம், பூண்டுப் பொடி, வசம்பு, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அலசிக் காயவைத்த துணிகள், குழந்தையைக் குளிப்பாட்டும்போது காலில் போட்டுக்கொள்வதற்கு. காலை நீட்டி உட்கார்ந்து, ரெண்டு காலுக்கும் நடுவில் குழந்தையைப் போட்டு, ஒரு கையில் தலையைத் தாங்கி. எந்தக் கையில். இடது கையில்தான் தலையைத் தாங்குவார்கள், வலது கைதான் தண்ணீர் ஊற்றும். எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும் கணக்கு அங்கே வந்துதான் முட்டியது. மாற்றிப் பிடித்தால் என்ன. மாற்றிப் பிடித்தால் தண்ணீர்ச் செம்பு இடது கையில் வரும், வெந்நீர்ச் செம்பு. தம்ளர் விழுந்தபோது கைக்குத் தெரியவில்லை. தலையும் அப்படித்தானே. சத்தம் கேட்டபிறகுதான், சீ, வாயை மூடு. பக்கத்தில் யாராவது இருக்கும்போது தூக்கலாம். யார் இருப்பார்கள். திங்கட்கிழமை இளமதி வேலைக்குப் போகவேண்டும், காண்ட்ராக்ட் வேலை, லீவு கிடையாது, போகாவிட்டால் இன்னொருத்தியை எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை பிரசன்னா விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். "நீ வந்துட்டா எனக்கு ஒரு கவலையும் இல்லம்மா, கண்ண மூடிட்டு விட்டுட்டுப் போவேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு. சொன்னால் என்ன ஆகும். சொன்னால் குழந்தையோடு சேர்த்து இவளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வேலை போகும், இந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தாலே குலை நடுங்குகிறது, திருப்பி அனுப்பினால் அங்கே யார். சொல்லாவிட்டால். ஒருவேளை ஒன்றுமில்லாமலே இருக்கலாம், சத்துக்குறைவு, வைட்டமின், ஊசி போட்டால் போய்விடும், எத்தனை பேருக்குப் போயிருக்கிறது. பிளேனில் இவ்வளவு நேரம் ரெஸ்ட் எடுத்ததில் சரியாகக்கூடப் போயிருக்கலாம். ஷூவுக்குள் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்ததா. வெளியே தெரியவில்லை. உள்ளேயும் தெரியவில்லை.

"ஏனுங்க்கா, உங்க பொட்டி கெரகம் புடிச்சாப்ல சுத்தீட்டே இருக்குது, பாத்துட்டே உக்காந்திருக்கறீங்க?" பழனாத்தாதான், பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எந்திரிச்சு எடுங்க. இங்க ஆரும் கேக்கறதில்லீங்க. நானெல்லாம் எடுத்துப்போட்டேன்ல." "இந்தப் பொண்ணு வந்துடும்னு சொல்லுச்சு" என்றாள் மங்கையர்க்கரசி. "அது வரட்டுங்க. டிரில் டீச்சருன்னீங்க, ஒரு பொட்டி எடுக்கறதுக்கு ரோசனையா?" சிரிக்கிறாள். இவளும் சிரித்தாள். சிரித்துவிட்டால் எழுந்துதான் ஆகவேண்டும், வேறு வழியே இல்லை, சிரித்தாயிற்று. கால் வைக்கிற தட்டை மேலே மடக்கினாள், கைகளை ஊன்றினாள், எழுந்தாள். நின்றாள். பார்த்தாயா, நிற்கிறேன். இடது காலை முதலில் வைக்கவேண்டும், அணிவகுப்பு என்றால் இடதுதான் முதலில், முப்பது வருஷமாக ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்னது, லெஃப்ட், ரைட், லெஃப்ட். லெஃப்ட். கால் போனது, எங்கே போய் விழுந்தது என்று குனிந்து பார்த்துக்கொண்டாள், சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ரைட். இன்னொரு லெஃப்ட். கால் தரையைச் சீய்த்துக்கொண்டு வருகிற சத்தம் அவளுக்குக் கேட்டது, ஷூவின் ரப்பர் கிறீச்சிட்டது, பழனாத்தாவுக்குக் கேட்டிருக்குமோ. பெட்டி கோடியில் திரும்பியது. வா. எத்தனை குண்டு எறிந்த கை, ஈட்டி எறிந்த கை, மயக்கம் போட்ட மேட்டுப்பட்டிப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடின உடம்பு. வா. மஞ்சள் துணி எதிரே வந்தது. ரெண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள், பெல்ட் இழுத்தது, அவளும் ரெண்டடி கூடவே போனாள், இதோ, இப்போது ஒரு தூக்கு, தம் பிடித்து, பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், சத்தியமாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். வலது தோள் திடீரென்று சுளீரென்றபோதுதான் இடது கையைப் பார்த்தாள். அது விலகி, காற்றில், விரல் வளைந்து, அப்படியே நின்றது. வலது கையையும் விட்டுவிட்டாள். பெட்டி போனது. பெல்ட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயோ, வழுக்கிருச்சுங்களா? அடுத்த சுத்துல நான் எடுத்துத் தாரனுங்க" என்று பழனாத்தா தோளைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். வழுக்கிவிட்டது என்றாள் மங்கையர்க்கரசி. கை வேர்த்திருக்கிறது என்றாள். இவ்வளவு குளிரில்.

பெட்டியைக் கடைசியில் எடுத்தது வதனிதான். ஐயாவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், அவரை அவரோடு பிளேனில் வந்த மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு, மஞ்சள் துணியைத் தூரத்தில் கண்டு, "உங்கடைதானே? பிள்ளையள் சொல்லிக்குடுத்தபடி வடிவா அடையாளம் கட்டியிருக்கிறியள்" என்று சிரித்து, இழுத்துப் போட்டாள். ஐம்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரி, தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், பேச்சில் மட்டும் இன்னும் ஊர் இருந்தது. சீட்டின் அடிக்கட்டையை ஒப்பிட்டுப் பார்த்தாள், பெட்டியை வண்டியில் வைத்து வண்டியை ஒரு கையாலும் நாற்காலியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூட்டு டக்கென்று விட்டது. நாலடி போயிருக்காது, நின்றாள். "அம்மா, கால்." "என்னம்மா?" "கால் கீழ கிடக்கு. இழுபடுது." மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள். இடது ஷூ தட்டில் இல்லை, தரையில் பக்கவாட்டாகச் சாய்ந்து, சக்கரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கிடந்தது. வதனி குனிந்து, காலை ரெண்டு கையாலும் எடுத்துத் தட்டில் வைத்தாள், சேலையையும் சரியாக இழுத்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை, குந்தியபடியே மேலே பார்த்துக் கேட்டாள், "உங்களுக்கு உண்மையாவே நடக்க ஏலாதோ அம்மா?" யாரும் கேட்கவில்லை இதுவரைக்கும் இப்படி. ஒரு பொய்யைக் கலைக்கிற மாதிரி இல்லை, தண்ணி வேணுமா என்று கேட்கிற மாதிரி. வாய் திறந்தது, தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. "இல்லம்மா, வழி தெரியாதேன்னு மக போட்டா" என்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று கேட்டது. "ம்" என்றாள் வதனி. தள்ள ஆரம்பித்தாள். பச்சை விளக்கு, தரையில் அம்புக்குறி, கடைசி அதிகாரி என்ன சாப்பாட்டுச் சாமான் என்று கேட்டார், வதனியே இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், அவர் கையைக் காட்டினார். எதிரே பனிக்கண்ணாடிக் கதவு. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல், பூங்கொத்து, பலூன். கதவுக்குக் கொஞ்சம் முன்னால் சுவரோரமாக நாலைந்து காலி வீல்சேர்கள் நின்றன. வதனி வேகத்தைக் குறைத்தாள். "கனபேர் இதிலதான் எழும்பிறவை. பிள்ளையள் பாத்துப் பயந்திடுங்கள் எண்டு நடந்து வெளிய போவினம். நீங்களும் இறங்கிறதெண்டா விடுறன். மெல்லமாப் போகலாம், வண்டியப் பிடிச்சுக்கொண்டு போனா ஒண்டும் தெரியாது." ஒன்றும் தெரியாது. தள்ளுவண்டியின் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் கால் இழுபடுவதுகூட வண்டியின் கனத்தில் என்று நினைத்துக்கொள்வார்கள். பத்தடி நடந்தால் போதும், கார்வரைக்கும் கொஞ்சம், வீட்டில் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், திங்கட்கிழமைவரைக்கும் எப்படியாவது. திங்கட்கிழமை காலை கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் வீட்டில் அவளும் குழந்தையும் இந்தக் கையும். எழுந்துவிடு, எழுந்துவிடு என்று ஒரு பக்கம் விசில் ஊதியது. கையைப் பார்த்தாள், மடியில் விரல் வளைந்து, எதையோ ரொம்ப ஜாக்கிரதையாகப் பிடித்திருக்கிற மாதிரி கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. "வேண்டாம் தாயி" என்றாள், "இப்படியே தள்ளு."

கதவு திறந்தது, வெளிச்சம், சத்தம், எல்லா முகமும் ஒன்றாகத் தெரிந்தது, அதற்குள் ஒரு முகம் தனியாக வந்தது. "அம்மா!" இளமதி இளைத்துப்போயிருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, தலை வாரவில்லை, கையில் ஒரு துணி மூட்டை. பக்கத்தில் பிரசன்னா போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "மகாராணி கணக்கா வர்றதப் பாருங்க" என்று இளமதி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள், "போதும்மா நடிச்சது, எந்திரி, எந்திரிச்சு வந்து உன் பேத்திய வாங்கு." மூட்டையை நீட்டினாள். சின்ன முகம், தூக்கத்தில் உதட்டைக் கூட்டிக்கொண்டு, இளமதி பிறந்தபோது இருந்த அதே நெற்றி. உடம்பு முழுக்க அந்த மூட்டையைப் பார்த்து எழுந்தது, கை ரெண்டும் முன்னால் போகப் பார்த்தது. மங்கையர்க்கரசி வலது கையால் இடது கையைப் பிடித்து மடியோடு அழுத்திக்கொண்டாள். "மடியில வைடி. நீ கைய எடுக்காதே. கூடவே பிடிச்சுக்கோ." "ஏம்மா?" "இளமதி, நான் நடிக்கல." பிரசன்னா இன்னும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டிருந்தார். இளமதி சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் மண்டிபோட்டாள், அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே காலைத்தான் பார்த்தாள். எத்தனை நாளா என்று கேட்கவில்லை, ஏன் சொல்லலை என்று கேட்கவில்லை. எல்லாம் கேட்பாள், வீட்டுக்குப் போய்க் கேட்பாள், அழுவாள், சண்டை போடுவாள், திங்கட்கிழமையைப் பற்றி ராத்திரியெல்லாம் பிரசன்னாவோடு பேசுவாள். குழந்தையின் தலை வலது முழங்கையின் மடிப்பில் வந்து படிந்தது, இவ்வளவு சூடா இந்தச் சின்னத் தலைக்குள், பால் வாசம் வந்தது, மூச்சு மேலே பட்டது, பிறந்த பிள்ளையின் மூச்சு எவ்வளவு வேகம், எவ்வளவு அவசரம், யாரிடமோ தோற்றுவிடக்கூடாது என்று ஓடுகிற மாதிரி. மங்கையர்க்கரசிக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. கீழே இளமதி ஒற்றைக் கையால் ஷூவின் கயிற்றை அவிழ்த்திருந்தாள், ஸாக்ஸை உருவியிருந்தாள், கால் பெருவிரலைத் தன் கட்டைவிரலால் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இது தெரியுதாம்மா?" என்றாள்.

குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல் மங்கையர்க்கரசி கேட்டாள், "எதுடி?"